பாசி பிடித்த செடித் தொட்டி: வெளிச்சத்தைக் குறைப்பதா, வளர்ச்சியைக் கூட்டுவதா?

இரண்டடி மீன் தொட்டி, நாலைந்து வகை நீர்ச்செடி, ஒரு கூட்டம் டெட்ராவோ கப்பியோ மீன். வைத்து இரண்டு மாதம் ஆவதற்குள் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், அனுபியாஸ் இலையின் ஓரத்தில் கறுப்பாக முடி, ஜல்லியின் மேல் வழவழப்பு. சென்னைக்காரராக இருந்தால் வண்ண மீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் பக்கம் போய்க் கேட்பீர்கள். ஒரு கடையில் "ஒரு சக்கர் மீன் போட்டுடுங்க சார், எல்லாத்தையும் சாப்பிட்டுடும்" என்பார்கள். அடுத்த கடையில் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். மூன்றாவது கடையில் "சிஓடூ இல்லாம செடி வெச்சா இப்படித்தான்" என்று கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் விலையைச் சொல்வார்கள். எதை வாங்குவது?

என்னைக் கேட்டால், பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். நிஜமான தேர்வு இரண்டே இரண்டுதான். ஒன்று, வெளிச்சத்தைக் குறைத்து, மெதுவாக வளரும் தொட்டியாக வைத்துக்கொள்வது. இன்னொன்று, வெளிச்சத்துக்கு ஈடாக சிஓடூவும் உரமும் கொடுத்து வேகமாக வளரும் தொட்டியாக மாற்றுவது. மீன், இறால், மருந்து, யூவி (புற ஊதா) விளக்கு எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குத் துணையாக வருபவை. பாசி கொழிப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தொட்டியில்தான்: பத்து மணி நேரம் பளீரென்ற எல்இடி, சிஓடூ கிடையாது, ஞாபகம் வந்தால் கொஞ்சம் உரம். நம் ஊரில் பெரும்பாலான செடித் தொட்டிகள் இந்த நடுவில்தான் இருக்கின்றன.

காரணம் எளிது. எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று செடிக்கு உத்தரவு போடுவது வெளிச்சம். அந்த வேகத்துக்கு வேண்டிய கரி, அதாவது கார்பன், தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வர வேண்டும். காற்றில் பரவுவதைவிட அந்த வாயு தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வெளியிலிருந்து சிஓடூ விடாத தொட்டியில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். வெளிச்சம் அதிகம், கரி குறைவு என்றால் செடி திணறி நிற்கும், பழைய இலைகள் அழுகும், கழிவு சேரும். சொற்பத்தில் பிழைக்கத் தெரிந்த பாசிக்கு அது போதும்.

முதலில், வந்திருப்பது எந்தப் பாசி?

இதைப் பார்க்காமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்பாகத் தூள் படிந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. விரலால் துடைத்தால் போய்விடும், கொஞ்ச நாளில் தானாகவே அடங்கும். காசு செலவழிக்காதீர்கள். தண்ணீரே பச்சையாக மாறியிருந்தால் அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. தண்ணீர் மாற்றி அதைத் தீர்க்க முடியாது, மாற்றிய வேகத்தில் பெருகிவிடும். இதற்கு மட்டும் யூவி ஸ்டெரிலைசர் கண்கண்ட மருந்து, சில நாளில் தண்ணீர் தெளியும். ஆனால் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டியிருக்கும் பாசியை யூவி ஒன்றும் செய்யாது. ஓடிவரும் தண்ணீரில் இருப்பதைத்தான் அது கொல்லும். "யூவி போட்டும் பாசி போகலை" என்ற புலம்பல் எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் போர்வையாகப் படர்ந்து, இழுத்தால் தகடாக உரிந்து, ஒரு வீச்சம் அடித்தால் அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா, அதாவது பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும், கழிவு தேங்கும் இடத்திலும், நைட்ரேட் ஏறக்குறைய இல்லாத தொட்டியிலும் வரும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளி, வெளிச்சம் அதிகம் அல்லது பாஸ்பேட் குறைவு என்பதற்கு அடையாளம். அதற்கு பிளேடுதான் சரி. அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் பிளேடு வேண்டாம், கீறிவிடும். நூல் பாசியைப் பழைய டூத் பிரஷை விட்டுச் சுழற்றினால் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பாதி வேலை அதிலேயே முடியும்.

கறுப்பு முடிப் பாசிதான் நம் பொறுமையைச் சோதிப்பது. கறுப்பாகத் தெரிந்தாலும் இது சிவப்புப் பாசி இனம். ஸ்பிரிட்டில் போட்டால் சிவந்துவிடும், சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தைப் போட்டுப் பாருங்கள். சிஓடூ ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கும் தொட்டியிலும், பில்டர் கழுவாமல் கழிவு சேர்ந்த தொட்டியிலும் இது குடியேறும். மெதுவாக வளரும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இலைகள் அதற்கு நிரந்தர முகவரி.

வெளிச்சத்தைக் குறைக்கும் வழி

இதற்குச் செலவு ஒரு டைமர் மட்டும், சில நூறு ரூபாய். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். மங்கலாக்கும் வசதி இருந்தால் பாதிக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் விளக்கைச் சற்று உயரத்தில் தொங்கவிடலாம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் டைமரெல்லாம் வீண், முதலில் தொட்டியை நகர்த்துங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடியை மறையுங்கள்.

இதிலேயே ஒரு உபாயம் உண்டு. காலையில் மூன்று மணி நேரம், நடுவில் நாலு மணி நேர இடைவெளி, மாலையில் மறுபடி மூன்று மணி நேரம். செடி காலையில் தீர்த்த சிஓடூ, இடைவெளியில் மீனின் மூச்சிலிருந்தும் அடிமண்ணிலிருந்தும் திரும்பச் சேரும். மண் போட்டு சிலிண்டர் இல்லாமல் வளர்க்கும் முறையைப் பரப்பிய டயானா வால்ஸ்டாட் இப்படி மதிய ஓய்வு கொடுப்பதை வலியுறுத்துபவர். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னொரு வகையிலும் வசதி. வீடு திரும்பும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஆனால் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அதே ஐந்து செடியுடன் உட்கார்ந்திருந்தால் வேலைக்கு ஆகாது. செடி நிறைய வேண்டும், அதுவும் வேகமாக வளர்பவை வேண்டும். இந்த இடத்தில் நம் போர் தண்ணீர், எல்லோரும் திட்டும் அந்தக் கடின நீர், நமக்குக் கை கொடுக்கிறது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் போன்றவை சிஓடூ தீர்ந்தாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளக்கூடியவை. கடின நீரில் அது தாராளமாக இருக்கும். சிவப்புச் செடிகளுக்கு ஆசைப்பட்டு வாங்கி உருகவிடுவதற்குப் பதில், இவற்றை அடர்த்தியாக நட்டால் போர் தண்ணீரிலேயே காடு மாதிரி வரும். மேலே மிதக்கும் சல்வினியா, வாட்டர் லெட்யூஸ் இன்னும் ஒரு படி மேல். இலை காற்றில் இருப்பதால் அவற்றுக்குக் கரிப் பஞ்சமே கிடையாது. வேர் தண்ணீரில் தொங்கி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் இழுக்கும், கீழே நிழலும் விழும். வாரத்துக்கு ஒரு கை அள்ளி எறிய வேண்டியிருக்கும். குப்பையில் எறியுங்கள், ஏரியில் வேண்டாம். டக்வீட் என்ற குட்டி மிதவைச் செடி மட்டும் தெரியாமல்கூட வந்துவிடக் கூடாது, வந்தால் அதை ஒழிப்பது தனி வேலை.

இந்த வழியின் குறை, பொறுமை வேண்டும் என்பது. மூன்று நாலு வாரம் மாற்றம் எதுவும் தெரியாது. பாசி பிடித்த பழைய இலை சுத்தமாகாது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது இலை சுத்தமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தரை முழுக்கப் புல்வெளியாக விரியும் தொட்டியும் இந்த வழியில் வராது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தொட்டியே வாங்கினீர்கள் என்றால் அடுத்த வழிக்குப் போக வேண்டியதுதான்.

வளர்ச்சியைக் கூட்டும் வழி

சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, வாயுவைப் பொடிக் குமிழாக்கும் டிஃப்யூசர், சிஓடூ அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் என்று வாங்கினால் தொட்டியின் விலையைத் தாண்டிவிடும். காலியான சிலிண்டரைத் தீயணைப்புக் கருவி நிரப்பித் தரும் கடைகளில் நிரப்பிக்கொள்பவர்கள் உண்டு. இலக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் சிஓடூ. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். டிராப் செக்கர் நீலமாக இருந்தால் போதவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து.

அந்த ஆபத்து நம் ஊரில் கொஞ்சம் கூடுதல். 25 டிகிரி நல்ல தண்ணீரில் ஆக்சிஜன் அதிகபட்சம் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவில் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். மே மாதம் மூடிய வீட்டில் தொட்டி 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்த நேரத்தில் சிஓடூவையும் ஏற்றினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கோடையில் தண்ணீரின் மேல்மட்டம் அசையும்படி பில்டர் வாயைத் திருப்புங்கள். சின்ன விசிறி ஒன்றை மேற்பரப்பில் வீசவிட்டால் ஆவியாவதில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறையும் தண்ணீரை மட்டும் தினம் ஊற்ற வேண்டும்.

சிலிண்டருக்குப் பதில் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் போடுவது மலிவு. ஆனால் பாசி விஷயத்தில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நம் வெக்கையில் முதல் சில நாள் பொங்கித் தள்ளும், அப்புறம் படுத்துவிடும், ராத்திரியும் நிற்காது. கறுப்பு முடிப் பாசிக்கு வேண்டியதே இந்த ஏற்ற இறக்கம்தான். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் வைத்து ஊசி வால்வுடன் செய்யும் கருவி பரவாயில்லை, சோலனாய்டு பொருத்தலாம். மின்வெட்டு வந்தால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும் என்பது நம் ஊருக்கு அவசியமான வசதி.

சிஓடூ வந்துவிட்டால் உரமும் வந்தே ஆக வேண்டும். இங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1996இல் பால் சியர்ஸும் கெவின் கான்லினும் செடித் தொட்டிப் பாசியைப் பற்றி எழுதிய கட்டுரை, பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் செடி ஜெயிக்கும், பாசி தோற்கும் என்றது. நிறையப் பேர் பாஸ்பேட் உறிஞ்சும் பொருளை வாங்கி பில்டரில் திணித்தார்கள், இன்னும் திணிக்கிறார்கள். பிறகு அமெரிக்காவின் டாம் பார், செடி அடர்ந்து சிஓடூ சீராக இருக்கும் தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே சேர்த்தும் பாசி வரவில்லை என்று எடுத்துக் காட்டினார். அவருடைய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறையில் எந்தச் சத்தும் குறையாதபடி கொஞ்சம் தாராளமாகவே உரம் போட்டு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி மிச்சத்தை வெளியேற்றுவார்கள். நான் டாம் பார் பக்கம். பட்டினி போட்டால் முதலில் சாவது செடிதான். ஆனால் மறந்துவிடக் கூடாத ஒரு விஷயம், அந்த முறை வாரம் தவறாமல் பாதித் தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கானது. லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடியில் இருந்தால் அது நடக்காது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கும் மருந்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, நேரமும் தண்ணீரும் காசும் மூன்றும் இருந்தால் இந்த வழி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முதல் வழிக்கே திரும்புங்கள். சிலிண்டர் வாங்கிவிட்டுத் தண்ணீர் மாற்றாமல் விடுவது, இரண்டு வழியின் கெடுதலையும் ஒன்றாக வாங்கிக்கொள்வது.

தின்று தீர்க்கும் உயிர்கள்

சக்கர் மீன் வேண்டவே வேண்டாம். கடையில் இரண்டு அங்குலத்தில் பாவமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றரை அடிவரை வளரக்கூடிய மீன் அது. வளர வளரப் பாசியை விட்டுவிட்டு அடியில் சேரும் தீனிக்கு வந்துவிடும், செடியை வேரோடு சாய்க்கும், அது போடும் கழிவே பாசிக்கு உரம். இடம் போதாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த இனம் பெருகி, உள்ளூர் மீனுக்குப் போட்டியாகி, மீனவர் வலையையும் கிழிக்கிறது.

உண்மையிலேயே வேலை செய்வது அமானோ இறால். ஜப்பானிய ஒளிப்படக்காரரும் தொட்டி வடிவமைப்பாளருமான தகாஷி அமானோ 1980களில் தன் தொட்டிகளில் பாசிக்காக விட்டுப் புகழ்பெறச் செய்ததால் அந்தப் பெயர். நூல் பாசியை நன்றாகத் தின்னும். ஆனால் குஞ்சு வளர உப்புத்தன்மையுள்ள நீர் வேண்டும் என்பதால் நம் தொட்டியில் பெருகாது. இறந்தால் திரும்பவும் வாங்க வேண்டியதுதான், விலையும் அதிகம், கோடை வெப்பமும் அதற்கு ஆகாது. செர்ரி இறால் மலிவு, தானே பெருகும், வேலை சுமார். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நெரைட் நத்தையை மிஞ்ச ஆள் இல்லை. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் போர் தண்ணீர் அதற்கு இஷ்டம். மரக்கட்டை எங்கும் வெள்ளை எள்ளை ஒட்டியதுபோல முட்டை வைக்கும், அது பொரியாது, சுரண்டினால்தான் போகும். அந்தப் புள்ளிகளைக் கண்டு எரிச்சல்படும் ஆளாக இருந்தால் நத்தை வேண்டாம்.

கறுப்பு முடிப் பாசியைத் தின்பது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். கடையில் அந்தப் பெயரில் வேறு மீனைத் தந்துவிடுவார்கள், பாருங்கள்: உடம்பின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓட வேண்டும், வாய் கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது சைனீஸ் ஆல்கே ஈட்டர், வளர்ந்தபின் மற்ற மீனைத் துரத்தும். அசலே ஆனாலும் ஆறு அங்குலம் வரை வளரும், தீனி தாராளமாகக் கிடைத்தால் பாசியைத் திரும்பிப் பார்க்காது. மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் விடாதீர்கள். யாரும் மதிக்காத மோலி மீனை நான் இந்த வரிசையில் சேர்ப்பேன். கடின நீர் பிடிக்கும், நாள் முழுக்க இலையைக் கொத்தி மென்மையான பாசியைச் சுரண்டும், விலையும் குறைவு.

எந்த உயிரை விட்டாலும் தீனியைப் பாதியாக்கினால்தான் அது பாசிக்கு வரும்.

பாட்டிலும் இருட்டும்

திரவ கார்பன் என்று விற்பவை பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு வகைக் கிருமிநாசினி. கறுப்பு முடிப் பாசியை அடக்கும், உண்மை. ஆனால் வாலிஸ்னேரியாவும் சில மாஸ் வகைச் செடிகளும் அதில் உருகிப்போகும். முதல் வழியின் மலிவான செடியையே அது கொல்லும் என்பதால் இரண்டையும் சேர்க்க முடியாது. கையில் படாமல், மூச்சில் ஏறாமல் கையாள வேண்டிய பொருளும்கூட. செம்பு கலந்த பாசிக்கொல்லி பக்கமே போகாதீர்கள், இறாலும் நத்தையும் போய்விடும்.

எனக்குப் பிடித்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. முடிவில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், மிச்சம் வைக்காது. ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் அளவெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று தருவது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்தால்தான் கணக்கு சரியாகும். 60 லிட்டர் தொட்டிக்கு அந்தக் கலவையில் ஒரு நாளைக்கு 15 மில்லிக்கு மேல் வேண்டாம், இறால் இருந்தால் அதிலும் பாதி. பில்டரை அணைத்து, தண்ணீர் அசைவு நின்றதும், ஊசி இல்லாத சிரிஞ்சை அனுபியாஸ் இலையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக விடுங்கள். கறுப்பு முடியின் மேல் நுரைக்குமிழ் பொங்கும். பத்து நிமிடம் கழித்து பில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுக்கும். வெளுத்ததை இறால்கள் வந்து பொறுக்கித் தின்னும். காரணம் சரியாகவில்லை என்றால் அடுத்த மாதமே அதே இலையில் திரும்ப வரும், அது வேறு கதை.

சயனோபாக்டீரியாவுக்கு இருட்டடிப்பு நல்லது. முதலில் குழாய் வைத்துப் போர்வையை உறிஞ்சி எடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், பிறகு கனமான போர்வையால் தொட்டியை மூன்று நாலு நாள் முழுக்க மூடுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும், சிஓடூ நிற்கட்டும், தீனி வேண்டாம். முடிந்ததும் மறுபடி பெரிய அளவில் தண்ணீர் மாற்ற வேண்டும், செத்தது எல்லாம் அழுகும் என்பதால். எரித்ரோமைசின் போட்டால் போகும் என்று சொல்வார்கள். போகத்தான் செய்யும். மனிதருக்கு வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை மீன் தொட்டியில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றும் அளவுக்கு அது பெரிய நோய் இல்லை.

இதெல்லாம் செய்தும் ஜல்லி முழுக்கக் கறுப்பு முடி என்றால், கலைத்துவிட்டுப் புதிதாக வைக்கத் தோன்றும். அடிமண்ணைக் கிளறினால் அடங்கிக் கிடந்த அம்மோனியா கிளம்பும், புதுப் பாசிக்கு அதுவே அழைப்பு. கலைப்பதென்றால் மீன்களை பில்டரோடு வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு முழுதாகக் கலையுங்கள். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், அதில் இருக்கும் பாக்டீரியா பிழைத்தால்தான் அடுத்த தொட்டி சீக்கிரம் நிலைக்கு வரும். கல்லையும் கட்டையையும் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். திரும்ப நடும் முதல் நாளிலேயே செடி நெருக்கமாக இருக்கட்டும், விளக்கு ஆறு மணி நேரம்.